ஒரு சோறு பதமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் வாக்கு. சமையலறை அனுபவத்தில் விளைந்த இப்பழமொழியில் குறை காண எவராலும் இயலாது. ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே நெருப்பு என்று இருக்கும்வரை ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாலே போதும். ஆனால் அதே அரிசியை வேறொரு பானையில், வேறொரு அடுப்பில் உலை ஏற்றினால்? முதற்பானையின் பருக்கை இரண்டாம் பானைக்குச் சாட்சி சொல்லுமா? நிச்சயமாகச் சொல்லாது. அந்தப் பானையிலிருந்தும் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கணிப்பொறி அறிவியல் பயிலும் நாம் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகிறோம். ஆய்வகத்தில் ஒரு நிரலை எழுதுகிறோம். ஒரே ஒரு கணிப்பொறியில், ஒரே ஒரு முறை ஓட்டுகிறோம். திரையில் விடை தோன்றியவுடன் “அவுட்புட் வந்துவிட்டது!” என்று மகிழ்ந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றுவிடுகிறோம். செய்முறைத் தேர்விலும் இதுதான் நடைமுறை. ஓரிடத்தில் ஓடிய நிரல் எல்லா இடத்திலும் ஓடும் என்ற இந்த நம்பிக்கை சரிதானா? சரியில்லை என்பதும், சோதனை செய்யும் பழக்கத்தை நம் கல்லூரிப் பாடத்திலேயே கொண்டுவர வேண்டும் என்பதும் என் தாழ்மையான கருத்து. அதற்கான காரணங்களைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நாற்பதாயிரம் எப்படி மைனஸ் ஆனது?

முதலில் நமக்குப் பழக்கமான தொடர்பெருக்கல் நிரலையே எடுத்துக்கொள்வோம். ஃபாக்டோரியல் என்று நாம் முதலாண்டிலேயே எழுதியதுதான். 5 என்று கொடுத்தால் 120 வரும். 7 என்று கொடுத்தால் 5040 வரும். இரண்டும் சரி. 8 என்று கொடுத்தால் 40320 வர வேண்டும். இன்றைய ஜி.சி.சி. தொகுப்பியில் அப்படியே வருகிறது. இதே நிரலைப் பழைய டர்போ சி-யில் ஓட்டிப் பாருங்கள். மைனஸ் 25216 என்று விடை வரும்!

காரணம் மிக எளிது. டர்போ சி-யில் ‘இன்ட்’ என்னும் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான் உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. அதற்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் வந்துவிடும். இன்றைய தொகுப்பிகளில் அதே ‘இன்ட்’டுக்கு 32 பிட் இடம் உண்டு. ஆகவே அங்கே 12 வரை தப்பிக்கலாம்; 13 என்று கொடுத்தால் அங்கேயும் தவறுதான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சூழல் மட்டும் மாறியது, விடை மாறிவிட்டது.

“இது மாணவர் விளையாட்டு, பெரிய இடங்களில் இப்படி நடக்குமா?” என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 என்னும் ராக்கெட் தன் முதற்பயணத்திற்குத் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாதை தவறி வானிலேயே வெடித்துச் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் குறையின்றி உழைத்த நிரற்பகுதி ஒன்றை அப்படியே புதிய ராக்கெட்டில் பொருத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 16 பிட் இடத்தில் அடங்காத ஓர் எண்ணை அந்த இடத்தில் அடைக்க முயன்று நிரல் செயலிழந்தது. புதிய பயணப் பாதையின் எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியை முன்கூட்டிச் சோதித்திருந்தால் தரையிலேயே குறை தெரிந்திருக்கும். நம் ஆய்வகத்து 32767-ம் அந்த ராக்கெட்டை வீழ்த்திய 32767-ம் ஒன்றே என்பதை எண்ணும்போது உடல் சிலிர்க்கிறது அல்லவா?

அலகுச் சோதனை என்றால் என்ன?

இத்தகைய குறைகளை முன்கூட்டிப் பிடிக்கும் வழிகளுள் ஒன்றுதான் ‘யூனிட் டெஸ்ட்’ எனப்படும் அலகுச் சோதனை. ஒரு பெரிய நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் “இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்” என்று முன்னரே எழுதி வைத்துவிட வேண்டும். கணிப்பொறியே அந்தப் பட்டியலை வரிசையாக ஓட்டி, எது தேறியது, எது தவறியது என்று சொல்லிவிடும். நிரலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பட்டியலை மறுபடி ஓட்டலாம். மனிதன் களைத்துப் போவான், பட்டியல் களைக்காது.

இந்தச் சோதனையை ஒரே சூழலில் ஓட்டுவது போதாது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நாம் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர்களே. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்டு, அதே ஆண்டு நவம்பரில் மூல நிரலையும் திறந்து வைத்த ‘வி.எஸ். கோடு’ என்னும் எடிட்டரை நம்மில் பலர் அறிவோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் அது ஓட வேண்டும். 2021 முதல் இணைய உலாவிக்குள்ளேயே திறக்கும் வடிவமும் வந்துவிட்டது. நமக்கு ஒரே எடிட்டராகத் தெரிந்தாலும் அது நிற்கும் தரை இடத்துக்கு இடம் வேறு.

அந்தத் தரைகளின் வேறுபாடுகள் சில: விண்டோஸில் ஒரு வரி முடிந்தால் இரண்டு மறைகுறிகள் இடப்படும், லினக்ஸில் ஒன்றுதான். கோப்புறைகளைப் பிரிக்க ஒன்றில் வலப்பக்கம் சாய்ந்த கோடு, மற்றொன்றில் இடப்பக்கம் சாய்ந்த கோடு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கோப்புப் பெயரில் லினக்ஸுக்கு வேறு வேறு. விண்டோஸுக்கு வழக்கமாக ஒன்றே. விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு “எல்லாம் சரி” என்று சொன்னால், லினக்ஸ்காரன் திறக்கும்போது கோப்பே கிடைக்காமல் போகலாம்.

அதை உருவாக்குவோர் இந்தச் சிக்கலைக் கையாளும் முறை நம் கவனத்திற்கு உரியது. மூல நிரலை அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். எந்தச் சூழலையும் சாராத பொது அடுக்கு ஒன்று; உலாவியைச் சார்ந்த அடுக்கு ஒன்று; கோப்பு முறைமை போன்றவற்றை நாடும் அடுக்கு ஒன்று; இப்படி. அலகுச் சோதனைகளையும் மூன்று வழிகளில் ஓட்டலாம். எலெக்ட்ரான் என்னும் முழு மேடைக்குள் ஓட்டலாம். திரையே இல்லாமல் ‘நோடு’ என்னும் சூழலில் ஓட்டலாம். குரோமியம், வெப்கிட் முதலிய உலாவிகளுக்குள்ளும் ஓட்டலாம். சொற்களை எண்ணுவது, வரிகளைப் பிரிப்பது போன்ற கணக்கு வேலைக்குத் திரை எதற்கு? அதைத் திரையின்றி நொடியில் சோதித்துவிடலாம். திரையில் எழுத்து எங்கே விழுகிறது என்பதை உலாவியில்தான் பார்க்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும் வேலையை அந்தந்த இயங்குதளத்தில்தான் பார்க்க வேண்டும். எதை எங்கே சோதிப்பது என்று தெரிந்துகொள்வதே பாதி அறிவு.

நான்கா, எட்டா, இருபத்துநான்கா?

இப்போது நம் மொழிக்கு வருவோம். ‘தென்காசி’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் தெ, ன், கா, சி என்று விரல் மடக்கி நான்கு என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியின் இன்றைய பதிப்பைக் கேட்டால் எட்டு என்கிறது. யூனிகோடு முறையில் தகரம் ஒன்று, அதன் கொம்பு ஒன்று, னகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவதால் எட்டு. சி மொழியின் நீளம் காணும் செயற்கூற்றைக் கேட்டால், யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதிய கோப்பாயின் இருபத்துநான்கு என்கிறது. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. பழைய பைத்தான் 2-லும் சாதாரணச் சரமாக எழுதினால் அதே இருபத்துநான்கு கிடைக்கும். ஒரே ஊர், மூன்று கணக்கு!

இவற்றுள் எந்தக் கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை. அவரவர் அளவுகோல் வேறு. ஆனால் எடிட்டரில் அம்புக்குறி விசையை அழுத்துகிற தமிழனுக்கு நான்கு என்பதுதான் உண்மை. நான்கு முறை அழுத்தினால் சொல்லின் கடைசிக்குப் போக வேண்டும். இடையில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பிரிந்து நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். அழிக்கும் விசைக்கோ வேறொரு கேள்வி உண்டு. ‘சி’-யில் ஒரு முறை அழுத்தினால் எழுத்து முழுவதும் போக வேண்டுமா, இகரக் குறி மட்டும் போய்ச் சகரம் நிற்க வேண்டுமா? குறி மட்டும் போவது திருத்துவதற்கு வசதி என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையோரும் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் எல்லாச் சூழலிலும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்குச் சோதனை எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘செங்கோட்டை’ என்று எழுதும்போது ‘கோ’ என்னும் எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் இடலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே ஒன்று பத்துக் குறி, மற்றொன்று பதினொரு குறி. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். மேக் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறைமை, கோப்புப் பெயரில் இப்படிப்பட்ட எழுத்துகளைத் தானாகவே பிரித்து வைக்கும் இயல்புடையது. ஆகவே விண்டோஸில் ‘செங்கோட்டை’ என்று பெயரிட்ட கோப்பு அங்கே போனதும் உள்ளுக்குள் வேறு பெயராகிவிடும். ‘ஸ்ரீ’ என்பதும் அப்படியே. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த வேறொரு ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயருடையோர் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! வருகைப் பதிவேட்டைக் கணிப்பொறியில் தேடினால் அவர்களில் பாதிப் பேர் காணாமல் போகக்கூடும்.

இது நமக்குப் புதிய துன்பமும் அன்று. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒரு எழுத்துருவில் அடித்த கடிதத்தை இன்னொரு கணிப்பொறியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்த காலத்தை மூத்த பேராசிரியர்கள் நன்கு அறிவார்கள். வானவில், பாமினி என்று எழுத்துருக்கு எழுத்துரு வேறு குறியீடு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் ஏற்றது. 2010இல் யூனிகோடும் அரசின் ஏற்பைப் பெற்றது. ஒரு சூழலில் எழுதியது இன்னொரு சூழலில் படிக்க முடியவில்லை என்ற ஒரே குறையைத் தீர்க்கவே இத்தனை ஆண்டு உழைப்பு.

இத்துறையில் வழிகாட்டிகளும் நமக்கு உண்டு. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் உழைத்தவர்களும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி அதில் உண்டு. அதனோடு அலகுச் சோதனைகளும் இருக்கின்றன. பைத்தான் 2, பைத்தான் 3 என்று இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி அதை வளர்த்தார்கள். நம் மொழிக்கான சோதனையை நாமே எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

யாருடைய கைப்பேசி?

“இதெல்லாம் பெங்களூர், சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டிய வேலை, தென்காசிப் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். நான் மாறாக எண்ணுகிறேன். சோதிக்கப்படாத சூழலில் இருப்பவர்களே நாம்தான்!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உதவித்தொகைக்காக ஓர் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கல்லூரிக் கணிப்பொறியில் அது அழகாகத் திறந்தது. விடுமுறை நாளில் வீட்டில் அப்பாவின் பழைய கைப்பேசியில் திறந்தபோது, கடைசியில் அழுத்த வேண்டிய பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. எத்தனை இழுத்தும் வரவில்லை. கடைசி நாள் நெருங்கிவிட்டதால் தென்காசிக்குப் பேருந்து ஏறி, ஒரு கணிப்பொறி மையத்தில் பணம் கொடுத்து முடித்தேன். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் ஒரு பகுதி அன்று அந்தப் பொத்தானுக்காகச் செலவாயிற்று. படிவத்தை எழுதியவர் தீயவர் அல்லர். தம் மேசையில் இருந்த பெரிய திரையில் ஒரு சோறு பதம் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பானையை அவர் எட்டிப் பார்க்கவில்லை.

குற்றாலத்திற்குச் சாரல் காலத்தில் ஒரு நாள் வந்து பேரருவியில் குளித்துப் போகும் வெளியூர்க்காரர், இங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் கொட்டுகிறது என்று எண்ணிக்கொள்வார். சித்திரை வெயிலில் காய்ந்த பாறையைப் பார்த்தவர்களும், வெள்ளத்தில் குளிக்கத் தடை போட்ட நாள்களைப் பார்த்தவர்களும் நாம். ஒரே அருவிக்குப் பல முகம் உண்டு என்று தெரிந்த நமக்கு, ஒரே நிரலுக்குப் பல முகம் உண்டு என்பது எளிதில் விளங்க வேண்டும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. மென்பொருள் என்பது மாநகரத்துச் சொத்து என்ற பேச்சு நம் மண்ணில் செல்லாது.

என்ன செய்யலாம்?

குறை சொல்லி நிறுத்திவிடுவது மாணவனுக்கு அழகன்று. ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் விடையுடன் ஒரு சோதனைப் பட்டியலும் இடம்பெறட்டும். கொடுத்தது எது, வர வேண்டியது எது, வந்தது எது என்று மூன்று பத்தி போதும். தொடர்பெருக்கலுக்குப் பூஜ்யம், ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று நான்கு வரி எழுதினாலே எத்தனை உண்மை வெளிவரும்!

இரண்டாவது, அந்தப் பட்டியலை இரண்டு சூழல்களிலாவது ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு அகமதிப்பெண்ணில் ஒரு பங்கு தர வேண்டும். “இயந்திரங்களுக்கு எங்கே போவது?” என்று கேட்கலாம். ஆய்வகத்தில் விண்டோஸ் இருக்கிறது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் பெற்ற பழைய கணினிகள் பல வீடுகளில் உறங்குகின்றன. அவற்றில் லினக்ஸ் ஏற்றலாம். காசு ஒன்றும் இல்லை. கைப்பேசியிலேயே பைத்தான் ஓட்டும் செயலிகளும் உண்டு. ஏழ்மையால் நம்மிடம் சேர்ந்திருக்கும் இந்தப் பலவகைப் பழைய கருவிகளே சோதனைக்குச் சிறந்த ஆய்வகம் ஆகும்.

மூன்றாவது, நம் துறை மன்றத்தின் சார்பில் தமிழ்ச் சொற்களுக்கான சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவோம். நம் ஊர்ப் பெயர்களிலேயே தொடங்கலாம். தென்காசி நான்கு, குற்றாலம் ஐந்து, செங்கோட்டை ஐந்து, இலஞ்சி நான்கு, ஆய்க்குடி ஐந்து. இவற்றை எடிட்டர்களில் இட்டு, அம்புக்குறி சரியாக நகர்கிறதா, தேடினால் கிடைக்கிறதா, சேமித்துத் திறந்தால் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். தவறு கண்டால் அந்த எடிட்டரை உருவாக்குவோருக்குச் சோதனையுடன் எழுதி அனுப்புவோம். திறந்த மூல நிரலில் இதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. தமிழ் இலக்கிய மாணவர்களும் இதில் கைகொடுக்கலாம். எழுத்தைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்?

பாடத்திட்டம் பெரிது, நேரம் குறைவு என்பது பேராசிரியர்களின் நியாயமான கவலை. ஆனால் பருவ இறுதியில் ஒரே தவறை அறுபது நோட்டில் தேடும் நேரத்தை இந்தப் பட்டியல் மிச்சப்படுத்தும். சோதனை எல்லாம் வல்லது என்றும் நான் சொல்லவில்லை. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, பிழையே இல்லை என்று நிறுவ முடியாது என்று டைக்ஸ்ட்ரா என்னும் கணிப்பொறி அறிஞர் எச்சரித்தார். உண்மைதான். இருப்பினும் ஒரு சோதனையும் செய்யாதவனுக்கு அந்த எச்சரிக்கை கேடயம் ஆகாது.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் முதற்குறளிலேயே, ஒருவனை நம்புமுன் அறப்பற்று, பொருளாசை, இன்ப நாட்டம், உயிர் மேலுள்ள அச்சம் என நான்கு நிலைகளில் வைத்து ஆராய வேண்டும் என்கிறார். ஒரு நிலையில் நல்லவனாகத் தெரிந்தவன் மற்றொரு நிலையில் மாறிவிடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். மனிதனுக்கே நான்கு சூழல் வேண்டும் என்றால், மனிதன் எழுதிய நிரலுக்கு இரண்டாவது வேண்டாமா?

நம் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு கல்வெட்டுப் பாடல் பொறித்து வைத்தான். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்பவர் எவராயினும் அவர் அடியில் விழுந்து வணங்குவேன் என்பது அதன் கருத்து. குறை வராது என்று அந்த மன்னன் மார்தட்டவில்லை. வரும் என்று அறிந்து, வரப்போகிறவருக்கு முன்கூட்டியே வணக்கம் சொன்னான். பின்னாளில் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல் புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்கும் கண்டது. நாம் எழுதும் ஒவ்வொரு சோதனையும், நமக்குப் பின் வந்து நம் நிரலைத் திருத்தப்போகும் ஒரு மாணவனுக்கு நாம் முன்கூட்டிச் செய்யும் உதவி. நண்பர்களே, அடுத்த ரெக்கார்டு நோட்டிலேயே அந்த மூன்று பத்திகளைக் கோடு போட்டுத் தொடங்குவோம்!